தேதி தெரிந்த பிறகுதான் தயாராக வேண்டுமா?

அட்லாண்டிக் கடலின் பெருஞ்சுழற்சி வலுவிழந்து நின்றுபோகக்கூடும் என்னும் அபாயத்தை ஐஸ்லாந்து அரசு 2025-இல் தேசியப் பாதுகாப்புச் சிக்கலாக அறிவித்தது. அச்செய்தியைப் பகிர்ந்தபோது, நடக்குமா என்றே தெரியாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை பதற்றம் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எனக்கோ அம்முடிவு மிகவும் நிதானமானதாகவே படுகிறது.

வெப்பமண்டலத்திலிருந்து மேற்பரப்பு வழியாக வடக்கே செல்லும் உப்புநீர், கிரீன்லாந்தையும் நார்வேயையும் ஒட்டிய கடல்களில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. நொடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர் நீர் இவ்வாறு சுழல்கிறது. உருகும் பனியின் நன்னீர் கலந்தால் மேல்நீரின் கனம் குறையும், இறங்குவது தடைபடும், அதனால் தெற்கிலிருந்து வரும் உப்பும் குறைந்து சுழற்சி மேலும் தளரும். தளர்ச்சியே தளர்ச்சியை வளர்க்கும் இந்த இயல்பை அமெரிக்கக் கடலறிஞர் ஹென்றி ஸ்டோமல் 1961-லேயே கணக்கிட்டுக் காட்டினார். சுழற்சி நின்றால் வடக்கே செல்லும் வெப்பமும் குறைந்து, வட ஐரோப்பா குளிரும். (மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வடக்கே பாயும் கல்ஃப் நீரோட்டமே நின்றுவிடும் என்று நாளிதழ்கள் தலைப்பிடுவது பிழை, அதன் பெரும்பகுதியைத் தள்ளுவது காற்று.)

எப்போது நிற்கும் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்நூற்றாண்டில் சுழற்சி வலுவிழக்கும் என்பதை மிக உறுதியாகச் சொன்ன ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிஞர் குழுவான ஐபிசிசி-யின் 2021 அறிக்கை, 2100-க்கு முன் திடீரென நிற்காது என்பதை நடுத்தர நம்பிக்கையோடு மட்டுமே சொன்னது. 2023-இல் டென்மார்க் ஆய்வாளர் இருவர் 2025-க்கும் 2095-க்கும் இடையே என்று மதிப்பிட்டார்கள். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் காற்றுகள் சுழற்சியை முற்றிலும் நிற்கவிடாது என்று 2025-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு கூறியது. அட்லாண்டிக்கில் 26.5 பாகை வட அட்சரேகையில் இச்சுழற்சியைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதே 2004-இல்தான் என்பதால், இந்தக் கருத்து வேறுபாடு விரைவில் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கடல் மாறினால் என்ன ஆகும் என்பதை ஐஸ்லாந்து ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் ஆர்க்டிக்கின் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரும் கடற்பனியும் வழக்கத்தைவிட மிகுதியாகத் தெற்கே வந்தன. 1968-இல் நாட்டின் வடக்கு, கிழக்குக் கரைத் துறைமுகங்களைப் பனி அடைத்தது. புல்வெளிகள் குளிரில் கருகின. அதே ஆண்டுகளில் ஹெர்ரிங் மீன் வளமும் சரிந்தது. அளவுமீறிப் பிடித்ததே அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், குளிர்ந்த கடல் சரிவை விரைவுபடுத்தியது. ஹெர்ரிங்கை மட்டுமே நம்பி வளர்ந்து, ஒரு காலத்தில் 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த சிக்லுஃபியோர்தூர் என்னும் வடகரை ஊர், அதில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியது. மீனை உப்பிட்டு அடைத்த கட்டடங்கள் இன்று அருங்காட்சியகம். இத்தனைக்கும் அப்போது பெருஞ்சுழற்சி நின்றுவிடவில்லை.

ஆகவே தயாராவது என்பது குளிருக்குப் போர்வை சேர்ப்பதன்று. ஐஸ்லாந்து வீடுகளில் பத்தில் ஒன்பது நிலவெப்பத்தால் சூடாக்கப்படுகின்றன. அந்நாட்டுக்குக் குளிரைவிடப் பெரிய ஆபத்து, உணவுத் தானியம் ஏற்றிவரும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் போவதுதான். தானிய இருப்பு, கால்நடைத் தீவனம், மாற்றுத் துறைமுகம், ஒரே மீனை நம்பிக் கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கான காப்பு ஆகியவற்றை எந்த அலுவலகம், எந்த நிதியிலிருந்து கவனிக்கும் என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டும். வெப்ப அலைக்குத் திட்டமிடும் ஐரோப்பிய நகரம் கடுங்குளிருக்கும் திட்டமிடுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் வெப்பம் ஊடுருவாதபடி நன்றாகக் காப்பிட்ட சுவர் இரண்டுக்கும் உதவும். சுழற்சி நிற்காவிட்டாலும் இவற்றில் எதுவும் வீணாகாது.

இது வடக்கத்தியரின் கவலை மட்டுமே என்று நாமும் ஒதுங்கிவிட முடியாது. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் இச்சுழற்சி தளர்ந்து வடஅட்லாண்டிக் குளிர்ந்த காலத்தில் ஆசியப் பருவமழையும் மெலிந்ததைக் குகைப் படிவுகள் காட்டுகின்றன. வடக்கு குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பித்தான் ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமே இருக்கிறது. அம்மழை ஓராண்டு பொய்த்தாலே குறுவை என்ன பாடுபடுகிறது என்பதை அறிந்த நாம், அது பல ஆண்டுகள் தொடர்ந்து மெலிந்தால் டெல்டாவில் எந்தப் பயிரை, எந்த நீரைக்கொண்டு விளைவிப்போம் என்று நம் பாசனப் பொறியாளர்களைக் கணக்கிடச் சொல்வதற்கு, கடலறிஞர்கள் ஓர் ஆண்டைக் குறித்துத் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.