மொரீசியஸ் கரை அரிப்புக்குத் துபாய் தீவு காரணமா?

"துபாயில் கடலுக்குள் மண்ணைக் கொட்டி பாம் ஜுமேரா தீவைக் கட்டினார்கள். அங்கிருந்து தள்ளப்பட்ட தண்ணீர்தான் நம் கரையைத் தின்கிறது." மொரீசியஸ் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், தைப்பூசக் காவடிப் படங்களுக்கு நடுவே சுற்றும் செய்தி இது. தவறானது.

அந்தத் தீவுக்குக் கொட்டிய மணல் சுமார் 9.4 கோடி கன மீட்டர். கேட்கப் பெரிதுதான். ஆனால் உலகக் கடல்களின் பரப்பு ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். மணல் முழுவதும் நீருக்குள்ளேயே கிடப்பதாக வைத்துக்கொண்டாலும், கடல் உயர்வது ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும், வளைகுடாவின் அடியிலிருந்தே தோண்டிய மணல். அங்கே பள்ளம், இங்கே மேடு, அவ்வளவுதான்.

1993 முதல் உலகக் கடல்மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. சூடாகும் நீர் விரிவதும் கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைப் பனியாறுகள் உருகுவதும்தான் காரணம்.

இதனால் துபாய் தீவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. தோண்டியபோது கிளம்பிய வண்டல் பவளத்தை மூடியது. அலைத்தடுப்புக்குள் நீர் தேங்கவே, அதில் இடைவெளி விட வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கேடு அந்த வட்டாரக் கடலுக்கு.

சரி, நம் கரை? 2001-ல் தடை வரும்வரை லகூனில் (கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற கடலில்) மணல் அள்ளியது நாம்தான். பவளப்பாறை வெளுத்து நலிந்தால் அலை வேகம் குறையாமல் கரையேறும். கடலை ஒட்டி பங்களாக்களுக்கு எழுப்பிய மதில்களும் முன்னாலுள்ள மணலை அரிக்க வைக்கின்றன.