வெக்டார் கட்டளைகளையும் கம்பைலரே கணக்கிடட்டும்

நிரலில் 3 + 4 என்று எழுதினால், நல்ல கம்பைலர் எதுவும் அந்தக் கூட்டலை நிரல் ஓடும் நேரம்வரை தள்ளிப்போடாது; 7 என்ற விடையையே பைனரியில் பதித்துவிடும். அதே கூட்டலை, நான்கு முழு எண்கள் கொண்ட இரு மாறிலி வெக்டார்களின் (பல எண்களை ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்புகளின்) மேல், பிராசஸரின் ஒரு கட்டளையைக் குறிக்கும் இன்ட்ரின்சிக் என்ற சிறப்பு ஃபங்ஷன் வழியாக எழுதினால் மட்டும், "எழுதியவர் கேட்ட கட்டளையை அப்படியே கொடு, அதில் கைவைக்காதே" என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பிட்ட கட்டளையே வேண்டும் என்பவருக்கு, பிராசஸர் கட்டளையை நிரலுக்குள்ளேயே நேரடியாக எழுதும் இன்லைன் அசெம்பிளி இருக்கிறது.

கிளாங் என்ற சி கம்பைலரின் ஹெடர் கோப்பில், எஸ்எஸ்இ2 என்ற வெக்டார் கட்டளைத் தொகுதியின் 32 பிட் கூட்டல் இன்ட்ரின்சிக், சாதாரண வெக்டார் கூட்டலாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் கான்ஸ்டன்ட் ஃபோல்டிங் (மாறிலிக் கணக்கை முன்கூட்டியே முடித்துவிடும் வேலை) தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல் அதன்மேல் வேலை செய்கிறது. பைட்டுகளை இடம் மாற்றும் பிஷஃப்பி கட்டளையில், எந்த பைட் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் மாஸ்க் மாறிலியாக இருந்தால், அதுவும் பொதுவான ஷஃபிளாக (இடமாற்றமாக) மாறி, அடுத்து வரும் ஷஃபிளோடு ஒன்றாகிவிட வாய்ப்புக் கிடைக்கிறது. சிறு சிறு ஃபங்ஷன்களாகப் பிரித்து எழுதப்பட்ட வெக்டார் நூலகங்களுக்கு இதுவே உயிர்நாடி. ஒரு ஃபங்ஷன் இன்லைன் ஆன (அழைக்கும் இடத்திலேயே பதிக்கப்பட்ட) பிறகுதான் எது மாறிலி என்பதே அங்கே தெரியவரும்.

ஆனால் கணக்கிடும் விடை, பிராசஸர் தரும் விடையோடு பிட்டுக்குப் பிட் ஒத்திருக்க வேண்டும். இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன். சி மொழியில் 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்துவது வரையறுக்கப்படாத நடத்தை; விடை என்ன என்று மொழி எந்த உறுதியும் தராது. எஸ்எஸ்இ2-இன் இடப்பக்க நகர்த்தலிலோ விடை திட்டவட்டமாக 0, குறியைக் காக்கும் வலப்பக்க நகர்த்தலில் எல்லா இடமும் குறி பிட்டால் நிரம்பும். இந்த இன்ட்ரின்சிக்கை சி-யின் நகர்த்தலாக நினைத்துக் கணக்கிடும் கம்பைலர், சரியான நிரலைக் கெடுத்துவிடும். இரண்டில் சிறியதைத் தரும் மின்பிஎஸ் கட்டளையில் ஒரு பக்கம் NaN என்ற 'எண் அல்லாத' மதிப்பு இருந்தால் இரண்டாவது ஆபரண்டுதான் (உள்ளீடுதான்) விடையாக வரும்; ஆகவே ஆபரண்டுகளை இடம் மாற்றிக் கணக்கிடவும் கூடாது.

வர்க்கமூலத்தின் தலைகீழியைத் தரும் ஆர்ஸ்க்யூஆர்டிபிஎஸ் போன்ற தோராயக் கட்டளைகளின் நிலை வேறு. பிழைக்கான வரம்பு மட்டுமே வரையறுக்கப்பட்டிருப்பதால், இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் விடையின் கடைசி பிட்டுகள் வேறுபடலாம். உள்ளீடு மாறிலியாகவே இருந்தாலும், அந்தக் கணக்கைப் பிராசஸரிடமே விட்டுவிடுவதுதான் முறை.