குவாகுவா என்றால் குழந்தைதான்

ஸ்பானியம் படிக்கும் ஒரு மாணவியின் விடைத்தாள் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நேற்று முழுவதும் என் உள்பெட்டியில் வந்து விழுந்தது அதுதான். ‘லா குவாகுவா எஸ்தா யோராந்தோ’ என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். குழந்தை அழுகிறது என்று பொருள். ஸ்பானிய ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘குவாகுவா என்றால் பஸ். கொச்சைச் சொற்களைத் தவிர்க்கவும்’ என்று எழுதியிருக்கிறார். மதிப்பெண்ணைக் குறைத்ததோடு விடவில்லை. பெயரை மறைத்துப் பொதுவில் போட்டு, பஸ் அழுகிறதாம் என்று சிரித்திருக்கிறார். கூடச் சேர்ந்து சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குவாகுவா தவறல்ல. அவள் எழுதியது சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய கட்டுரை. சிலி நாட்டில் கைக்குழந்தைக்குக் குவாகுவா என்றுதான் பெயர். படிக்காதவர்கள் மட்டும் பேசும் சொல் அல்ல அது. மருத்துவர் சொல்கிறார், பத்திரிகை அச்சிடுகிறது, பிரசவித்த தாய்மாருக்கு அரசு தரும் கையேட்டிலும் இருக்கிறது. ஆண் குழந்தையானாலும் அங்கே ‘லா குவாகுவா’தான். ஈக்வடாரிலும் பொலிவியாவிலும் பெருவின் மலைப்பகுதியிலும் இதே சொல் வழங்குகிறது. ஆண்டிஸ் மலைப் பழங்குடி மக்களின் கெச்சுவா மொழியில் உள்ள ‘வாவா’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அந்த மொழியில் தாய்தான் தன் பிள்ளையை வாவா என்பாள். தகப்பன் மகனைச் சூரி என்றும் மகளை உசுசி என்றும் வேறு சொற்களால் சொல்வான். வாவா தாயின் வாய்ச்சொல். அதைத்தான் ஆசிரியர் கொச்சை என்று அடித்திருக்கிறார்.

பஸ் என்ற பொருளும் உண்டு, நான் மறுக்கவில்லை. கியூபாவின் ஹவானாவில், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், டொமினிக்கன் குடியரசின் சாந்தோ தொமிங்கோவில், ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் குவாகுவா என்றால் பஸ். அந்தத் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸ் நகரப் பஸ் நிறுவனத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கியூபாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் அதைத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குவாகுவா வேறு, இந்தக் குவாகுவா வேறு. ஒலி ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவே. ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதியில் இரண்டுமே இருக்கின்றன. ஆசிரியர் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். யாருக்கு வரும்? சாண்டியாகோவில் பஸ்ஸுக்கு ‘மிக்ரோ’ என்று பெயர். குவாகுவாவைத் தூக்கிக்கொண்டு மிக்ரோவில் ஏறுவார்கள். ஹவானாவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குவாகுவாவில் ஏறுவார்கள். அந்தந்த ஊரில் யாரும் தடுமாறுவதில்லை. அழுகிறது என்று வாக்கியமே சொல்லும்போது, அது பஸ் இல்லை என்று புரிந்துகொள்ள என்ன தடை?

தேர்வுக்குப் பொது வழக்கு வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் ஸ்பானிய மொழித் தகுதித் தேர்வான தெலேயின் விதியே அவருக்குப் பதில். படித்த மக்கள் பரவலாகக் கையாளும் எந்த நாட்டு வழக்கையும், தேர்வு எழுதுபவர் சீராகக் கையாண்டால் ஏற்றுக்கொள்வார்கள். இதற்கு மேல் அவரோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் மகள் பிறந்தது சாண்டியாகோவில், 2011 ஆகஸ்ட் மாதம். அங்கே அது குளிர்காலம். கணவருக்கு வேலை, எனக்கு மொழி சரியாக வராது, பக்கத்தில் அம்மா இல்லை. விடியற்காலையில் மருத்துவச்சி ஈரத்தோடு அவளை என் மார்பில் வைத்து, ‘இதோ உங்கள் குவாகுவா’ என்றாள். புத்தகத்தில் குழந்தைக்கு நான் ‘பெபே’ என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். ஆனாலும் குவாகுவாவை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் தொலைபேசியில் அம்மா, நாகர்கோவிலிலிருந்து, கைக்குழந்தையிடம் ‘மக்களே’ என்று கூப்பிட்டாள். எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கல்லூரியில் நான் அப்படிப் பேசியதற்கும் பன்மை தெரியாதவள் என்று சிரித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் குவாகுவா என்ற சொல்தான் எனக்குத் துணை. மிக்ரோவில் ஏறினால் யாராவது ஒருவர், ‘குவாகுவாவோடு வருகிறார், இடம் கொடுங்கள்’ என்று குரல் கொடுப்பார். சந்தையில் காய்கறிக்காரி என் பெயரைக் கேட்டதே இல்லை. ‘குவாகுவா தூங்குகிறதா?’ என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். அந்தக் கிழவியின் ஸ்பானியத்தைக் கொச்சை என்று சொல்ல இந்த ஆசிரியருக்கு யார் உரிமை கொடுத்தது?

இந்தச் சொற்கள் எளிதாக மிஞ்சவில்லை. பெருவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பழங்குடித் தலைவர் தூபாக் அமாரு 1780இல் கிளர்ந்தெழுந்து வீழ்ந்த பிறகு, 1781இல் வந்த தண்டனைத் தீர்ப்பு கெச்சுவா மொழியையே கைவிடச் சொன்னது. பெரு அதை ஆட்சிமொழியாக ஏற்றது 1975இல். இடைப்பட்ட காலத்தில் தாய்மாரின் வாயில் வாவா இருந்தது. ஆண்டவர்களின் மொழிக்குள்ளேயே நுழைந்து குவாகுவாவாக உட்கார்ந்தும் கொண்டது. ஈக்வடாரின் தலைநகர் கித்தோவுக்கு மேலே குவாகுவா பிச்சிஞ்சா என்று எரிமலை நிற்கிறது. பக்கத்துச் சிகரம் ருக்கு பிச்சிஞ்சா, கிழவன் பிச்சிஞ்சா. குழந்தைதான் உயரம், 4,700 மீட்டருக்கு மேல். 1999இல் அது நகரத்தின்மேல் சாம்பலைக் கொட்டியது. அதை யாரும் பஸ் பிச்சிஞ்சா என்று நினைக்கவில்லை.

சிறிய விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்கிறீர்கள். சிறியதாக இருந்தால் பொதுவில் போட்டிருக்க வேண்டாமே. அந்தப் பெண் நான் அனுப்பிய சிலி வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லைப் பிடித்தவள். நேற்றிரவு எனக்கு எழுதியிருந்தாள். இனிமேல் பாடநூலில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன் அக்கா, என்று. அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மதிப்பெண்ணை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தில் படத்தைப் போட்டுச் சிரித்தீர்களோ, அதே இடத்தில் ‘குவாகுவா என்றால் குழந்தையும்தான், அவள் எழுதியது சரி’ என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.