வண்டியை நிறுத்திவைத்த அந்தப் பெண் செய்தது சரி

மூன்று நாட்களாக எந்தப் பக்கம் போனாலும் அந்த வீடியோதான். பீட்சா கடைக் கவுன்டரில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "நீதானே மேனேஜர்? பதில் சொல்" என்று ஆர்டர் தாமதமான வாடிக்கையாளர் ஒருவர் கத்துகிறார். அவர் முழுக்க ஒருமையில் பேசுகிறார். அந்தப் பெண் கடைசி வரை "சார்" என்றுதான் சொல்கிறார். கொட்டும் மழையில் டெலிவரிப் பையன்களை இருபது நிமிடம் வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்தாராம். அதுதான் குற்றமாம்.

அவர் செய்தது சரி.

ஆறு ஆண்டுகள் நான் அதே அசிஸ்டென்ட் மேனேஜர் வேலையில் இருந்தவன். நிறுவனம் வேறு, ஊர் இதே சென்னைதான். அசிஸ்டென்ட் மேனேஜர் என்றதும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று பலர் நினைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்கு எத்தனை தட்டு மாவு வேண்டும் என்று மதியமே கணக்குப் போட்டு, குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டும். குறைவாக எடுத்தால், கடைசி நேரத்தில் எடுக்கும் குளிர்ந்த மாவு இறுகி நிற்கும், விரித்தால் கிழியும். அதிகம் எடுத்தால் பொங்கிப் புளித்துக் குப்பைக்குப் போகும், அந்த நட்டம் நம் பெயரில் ஏறும். ஆள் வராவிட்டால் நாமே மாவை விரித்து, நாமே சீஸை எடை போட்டு, நாமே போனையும் எடுக்க வேண்டும். இரவு ஒரு மணிக்குக் கல்லாக் கணக்கு முடித்து, வடிகால் சல்லடையைக் கழுவிவிட்டுத்தான் வீடு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு முன்பே நான் வேலையை விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள் என்னுடையவை. இன்றைக்கும் குதிகால் வலிக்கிறது.

"மழை என்று தெரிந்தால் ஏன் ஆர்டர் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு: ஆர்டரை எடுப்பது செயலி. அதை மூடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. ஏரியா மேனேஜரிடம் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் போனை எடுக்க வேண்டும். எடுத்தாலும் "கொஞ்சம் சமாளியுங்கள்" என்பார். கையில் மிஞ்சும் ஒரே அதிகாரம், வாசலில் நின்று "யாரும் வண்டியை எடுக்காதீர்கள்" என்று சொல்வதுதான். அந்தப் பெண் அதைச் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2017 நவம்பர் மழை. வேளச்சேரியில் எங்கள் கடை வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். ஓவனில் ஓடும் பட்டையில் பீட்சா ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவர ஆறேழு நிமிடம் ஆகும். யார் கோபப்பட்டாலும் அந்தப் பட்டை வேகமாக ஓடாது. ஆகவே மிச்சப்படுத்த வேண்டிய நேரத்தையெல்லாம் சாலையில்தான் மிச்சப்படுத்த வேண்டும். திரையில் தாமதத்தைக் காட்டும் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. "போய்விடுவாயா?" என்று கேட்டேன். இருபது வயதுப் பையன், என்ன சொல்வான்? "போய்விடுவேன் அண்ணா" என்றான். தரமணி இணைப்புச் சாலையில் தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் அவனுக்குத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். இடது மணிக்கட்டு வேறொரு திசையில் திரும்பியிருந்தது. சூட்டுப் பையை மட்டும் மடியில் வைத்து வலது கையால் அணைத்திருந்தான். திறந்து பார்த்தேன். பீட்சா ஒரு பக்கமாகச் சரிந்து, சீஸ் முழுவதும் அட்டைப்பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தது. "அண்ணா, இது என் கணக்கில் பிடிப்பார்களா?" என்று கேட்டான். கை உடைந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குப் போகிற வழியில் என் போன் அடித்தது. வாடிக்கையாளர். "எங்கே என் ஆர்டர்?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அனுப்பியவன் நான்.

"காசு கொடுத்தோம், குழந்தை பசியோடு காத்திருந்தது" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் பசி எனக்கும் புரியும், நானும் தகப்பன்தான். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், புகார் எழுதுங்கள், அடுத்த முறை வேறு கடையில் வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் வீட்டில் ஒரு தோசை வார்த்திருக்கலாம். உடைந்த கையை இருபது நிமிடத்தில் சரிசெய்ய முடியாது.

"அந்தப் பெண்ணும் குரலை உயர்த்தினார்" என்கிறீர்கள். உயர்த்தட்டும்.

அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனம் முப்பது நிமிடத்தில் பீட்சா வந்துவிடும் என்று உத்தரவாதம் கொடுத்து வந்தது. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை, ஆனால் அந்தக் கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் டெலிவரி வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்கு 7.8 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று 1993 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. சில நாட்களிலேயே உத்தரவாதத்தைக் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நீதிமன்றம் சொன்ன பிறகுதான் புரிந்தது. நம் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு மழையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவரைத்தான் "வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று எழுதுகிறீர்கள். யாரைத் தூக்கச் சொல்கிறீர்கள்? நேரத்தை நிர்ணயித்தவரையா? செயலியை மூட மறுத்தவரையா? அவர்கள் முகம் எந்த வீடியோவிலும் வராது. பெயர்ப்பட்டையில் மேனேஜர் என்று இருப்பதால் இவர் முகம் வருகிறது. திட்டு வாங்கும்போது நாங்கள் நிர்வாகம். சம்பளம் கேட்கும்போது மட்டும் வெறும் ஊழியர்கள். ஆறு ஆண்டுகள் இதை விழுங்கினேன். இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் கடையில் விழுந்த பையன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியவன் அவன்தான். கூடவே எதுவும் எழுதவில்லை.

என் நட்பு வட்டத்தில் பதினொரு பேர் அதைச் சிரிப்புக் குறியோடு பகிர்ந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. இன்றிரவுக்குள் நீக்கிவிடுங்கள். அந்தப் பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. நாளை மதியம் மாவுத் தட்டுகளை எடுத்து வைக்க அவர் மறுபடியும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.