தையல் சிவந்தால் மருந்து மட்டும் போதாது

"புண் சிவந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று, கைக்குழந்தைகளுக்கு இதய அறுவைக்குப் பிறகு நெஞ்சுத் தையலைப் பார்த்துக்கொள்வது பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. தோல் அளவில் நிற்கும் தொற்றுக்கு அது பொருந்தும். நெஞ்செலும்புக்குக் கீழே போய்விட்டால் பொருந்தவே பொருந்தாது.

இந்த ஆழமான தொற்று பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில்தான் தலைகாட்டும். காய்ச்சல், சீழ், பால் குடிக்க மறுப்பது, அழும்போது நெஞ்செலும்பின் இரு பாதியும் உரசி 'டக்' என்று அசைவது. கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மருந்து தொடங்குமுன் ரத்தமும் சீழும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் சோதனை) போக வேண்டும். முதலில் மருந்து கொடுத்துவிட்டால் கிருமி வளராமல், எது என்றே தெரியாமல் போகலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் அதிகம்.

ஆழமான தொற்றென்றால் மறுபடி திறந்து, செத்த திசுவை வெட்டியெடுத்துக் கழுவ வேண்டும். ரத்தநாளம் வழி மருந்து வழக்கமாக 4 முதல் 6 வாரம். உடனே மூட முடியாவிட்டால் உறிஞ்சும் கட்டு, அதாவது புண்ணில் பஞ்சு வைத்து மூடி, கருவியால் கசிவை உறிஞ்சியெடுப்பது. பெரியவர்களுக்கு வைக்கும் 125 மிமீ (பாதரச அளவு) உறிஞ்சும் அழுத்தம் கைக்குழந்தைக்கு ஆகாது. 50 முதல் 75தான் வழக்கம். பஞ்சுக்கும் இதயத்துக்கும் நடுவே ஒட்டாத விரிப்பு கட்டாயம். இல்லையென்றால் இதயத்தின் வலது கீழறை கிழிந்து ரத்தம் கொட்டலாம்.

வீட்டில் பாட்டிமார் பாசத்தோடு மஞ்சளோ எண்ணெயோ தடவ வருவார்கள், தயவுசெய்து விடாதீர்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் கழுத்து வியர்வையும் கக்கிய பாலும் தையலின் மேல்முனையில்தான் தேங்கும், ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒரு கை தலைக்கடியில், ஒரு கை பிட்டத்துக்கடியில். பணிப்பெண்ணுக்கும் இதைச் செய்து காட்டுங்கள்.