அண்ணன் கொண்டு வரும் கரும்பை எண்ணாதீர்கள்

பொங்கல் நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குடும்பம் மொத்தமும் மாமியார் வீட்டில் கூடும். கொழுந்தன்மார், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். அதெல்லாம் எனக்குப் பிடிக்கும். இடிசாம்பாரும் சிறுகிழங்குப் பொரியலும் வைத்து, இலை போட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல ஒரு சந்தோஷம் வருஷத்தில் வேறெப்போது கிடைக்கும்? என் ஆத்திரமெல்லாம் பொங்கல் படியின் மேல்தான். எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு வரும் சீரை அப்படித்தான் சொல்வோம். அதை நடுக்கூடத்தில் பரப்பி வைத்து, யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எண்ணுகிறார்களே, அதை இனியும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

என்னென்ன வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், தேங்காய், பனங்கிழங்கு, கூடை நிறையக் காய்கறி. அதற்கு மேல் எனக்குப் புடவை, அவருக்கு வேட்டி சட்டை, பிள்ளைகளுக்குத் துணிமணி, கவரில் பணம். தலைப்பொங்கல் என்றால் வெண்கலப் பானையும் சேர்ந்துகொள்ளும். வசதி உள்ளவர்கள் நகையும் போடுவார்கள். 2025-இல் ஒரு பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிய பிறகும் "ஒரு மோதிரமாவது போட்டிருக்கலாம்" என்று கூசாமல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டுப் படி அண்ணன் தலையில் விழுந்தது. அவன் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறான். போன பொங்கலுக்கு வாழைத்தார் இல்லாமல் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்குள் சின்ன மாமியார் கேட்டுவிட்டார்: "என்னம்மா, ஒங்கண்ணன் தாரு கொண்டாரலியோ?" கேள்வி என்னிடம், ஆனால் அவன் காதில் விழவேண்டும் என்றே கேட்டது. அன்று காலையில்தான் என் ஓரகத்தி வீட்டுப் படி குட்டியானை வண்டியில் வந்து இறங்கியிருந்தது. தெருவே பார்த்தது. அவனுடைய இரண்டு கரும்பையும் அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு "அவசரத்துல மறந்துட்டேன் அத்தை" என்றான். மறக்கவில்லை. மதினியின் கம்மல் அடகில் இருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கம்மல் எதற்காக அடகுக்குப் போனது என்பதும் தெரியும்: அதற்கு முந்தைய தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்க.

சாப்பிட உட்கார்ந்தவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை என் கையால் சாப்பிட வருகிற மனுஷன்.

கணுப்பொங்கல் என்றால் என்ன? கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் சோற்றைப் பிடி பிடியாகக் கணுப்பிடி வைத்து வேண்டிக்கொள்ளும் நாள். அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவனைக் கடனாளியாக்கினால் அந்த வேண்டுதலுக்கு என்ன மரியாதை?

ரேஷன் கடைக்காரருக்கு இருக்கும் நியாயம்கூட எங்கள் கூடத்தில் இல்லை. 2025 பொங்கல் தொகுப்பில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. அரிசி அட்டைக்காரர் யாராக இருந்தாலும் அதே அளவு. மருமகள்களுக்கு மட்டும் வந்த படியின் எடையை வைத்துத்தான் இடம். அதிகம் வந்தவள் சொல் அம்பலம் ஏறும். குறைச்சலாக வந்தவள் அடுப்படியில் நிற்கவேண்டும், பந்தி முடிந்து கடைசியாகச் சாப்பிடவேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் ஆண்களின் மௌனம்தான். என் வீட்டுக்காரரும் அண்ணன்தான், தம்பிதான். அவரும் பை பையாகத் தூக்கிக்கொண்டு தன் தங்கைகள் வீட்டுக்குப் போகிறார். தை பிறப்பதற்கு முன்னால் சீட்டுப் பணத்தை எதிர்பார்த்து ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் புலம்புகிறார். அப்பேர்ப்பட்டவர் என் அண்ணன் தலைகுனிந்து நின்றபோது டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சித்தி, அவர் வந்ததே போதும், விடுங்க" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"நாங்க கேட்டோமா? அவங்களா ஆசையா கொண்டு வர்றாங்க" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். ஆனால் குழந்தை பிறப்பு முதலான சடங்குகளில் வழக்கப்படி கொடுப்பது அந்தச் சட்டம் சொல்லும் வரதட்சணைக்குள் வராது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆக, 'வழக்கம்' என்று பெயர் வைத்துவிட்டால் போலீசும் கேட்காது, பஞ்சாயத்தும் கேட்காது. கொடுக்காவிட்டால் பேச்சு விழும் என்றால் அது ஆசையாகக் கொடுப்பது இல்லை, வரி.

இதற்குள் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் பாகம் பிரிக்கும்போது "அதான் வருஷா வருஷம் சீர் செய்றோம்ல" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிற வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். நிலத்துக்குப் பதில் கரும்பு. சொத்தே இல்லாத என் அண்ணனைப் போன்றவர்களுக்கோ விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, செய்வதற்கு மட்டும் இருக்கிறது. சொத்து இருக்கும் வீட்டில் பெண் ஏமாறுகிறாள், இல்லாத வீட்டில் அவள் கூடப்பிறந்தவன் நொடிந்துபோகிறான்.

சீரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மா வீட்டுப் பனங்கிழங்கு எனக்கு வேண்டும். அம்மா கையால் முடிந்து கொடுத்த மஞ்சள் கொத்து வேண்டும். அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்து மகிழவும் வேண்டும். ஆனால் அது பையோடு நேராக அடுப்படிக்குப் போகட்டும். கூடத்தில் பரப்ப வேண்டாம், இன்னொருத்தி வீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் சாத்த வேண்டாம்.

இந்தத் தைக்கு அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, கையில் ஒரு சீப்புப் பழம் போதும். மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், சுளிக்கட்டும். வீட்டுக்காரரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அவர்கள் வந்து இறங்கும்போது வாசலில் நீங்கள்தான் நிற்கவேண்டும், முதல் பந்தியில் அவர்களை உட்கார வைப்பதும் நீங்கள்தான். யாராவது வாயைத் திறந்தால் பதில் சொல்லவேண்டியதும் நீங்கள்தான், நான் இல்லை.