விரிசல் கண்ட உலோகத்தின் ஆயுள் முடிந்துவிட்டதா?

உலோகக் கட்டமைப்பில் விரிசல் தெரிந்துவிட்டால் அது எந்த நொடியும் முறியும், எஞ்சிய ஆயுளைக் கணிக்கவே முடியாது என்று பரவிவரும் செய்தி தவறானது. சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் விரிசல் எவ்வளவு நீளும் என்பது அதன் முனையில் தகைவுச் செறிவு (சுமையால் உலோகத்துக்குள் எழும் தகைவு அங்கு குவியும் அளவு) ஏறி இறங்கும் வீச்சைப் பொறுத்தது. 1960-களில் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ் முன்வைத்த இந்த விதிப்படி, விரிசல் வளரும் வேகம் அந்த வீச்சின் ஓர் அடுக்குக்கு ஏற்பக் கூடும்; எஃகுக்கு அந்த அடுக்கெண் ஏறத்தாழ 3 என்பதால், தகைவு வீச்சு இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். விரிசல் நீள நீள அதன் முனையில் தகைவுச் செறிவும் கூடுவதால், அதே கணக்கின்படி, அது 1 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராக வளர்வதற்குத் தேவைப்படும் சுழற்சிகள், 10-லிருந்து 11 ஆக வளர்வதற்குத் தேவைப்படுபவற்றைப் போல் சுமார் 20 மடங்கு. கணிப்பு பொய்ப்பது பெரும்பாலும் சூத்திரத்தால் அன்று, தொடக்க விரிசலைக் குறைத்து மதிப்பிடுவதால்தான். எனவேதான் விமானப் பொறியாளர்கள், சோதனைக் கருவிக்குத் தப்பக்கூடிய அளவிலான விரிசல் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு ஆய்வு இடைவெளியை வகுக்கிறார்கள்.